பறவைக்கு விலாசம் உண்டு

நம் கவியரங்குகளில் 'வலசைப் பறவை' என்ற சொல் விழுந்ததும் அடுத்து என்ன வரும் என்று உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். கப்பல் வரும், பால்மரம் வரும், கூடில்லாத சோகம் வரும். கைதட்டு. பினாங்கில் பிறந்து, இங்கேயே படித்து, பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கிற எனக்கு இந்த உவமையோடு நீண்ட நாள் சண்டை. அந்தச் சோகம் பொய் என்று சொல்ல மாட்டேன். அதில் வருகிற பறவைதான் பொய்.

'வலசை' என்பதே முதலில் மனிதர்களுக்கான சொல். படைக்கும் பஞ்சத்துக்கும் பயந்து ஊரைக் காலிசெய்து போவதை அப்படிச் சொன்னார்கள். பறவைக்கு அதை நாம் இரவல் கொடுத்தோம். இப்போது கவிஞர்கள் அதைத் திருப்பி வாங்கும்போது, பறவையைப் பற்றி ஒன்றும் கேட்காமல் வாங்கிவிடுகிறார்கள்.

சத்திமுற்றப் புலவர் அப்படிச் செய்யவில்லை. மதுரையில் குளிரில் நடுங்கிக்கொண்டு நாரையைத் தூது அனுப்பும் அந்தப் பாட்டைப் பள்ளியிலேயே படித்திருப்போம். 'நானும் உன்னைப் போல' என்று அவர் ஓரிடத்திலும் அழுவதில்லை. காலின் நிறம் தெரிகிறது, அலகுக்குப் பனங்கிழங்கை உவமை சொல்லத் தெரிகிறது. குமரிவரை போய்விட்டு வடக்கே திரும்பும் என்பது தெரிகிறது. கும்பகோணம் பக்கத்துத் தன் ஊர்க் குளத்தில் அது இறங்கும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. அதற்கப்புறம்தான் நனைந்த சுவர், பல்லியின் சகுனம் பார்த்துக் காத்திருக்கும் மனைவி எல்லாம். புறநானூற்றின் 67ஆம் பாட்டில் பிசிராந்தையாரும் இதே வேலையைத்தான் செய்கிறார்: குமரித் துறையில் அயிரை மீன் தின்றுவிட்டு வடமலைக்குப் போகிற அன்னத்தை, வழியில் உறையூரில் கோப்பெருஞ்சோழனைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார். என்ன தின்றது, எங்கே தின்றது, எந்த வழியாகப் போகும். கள ஆய்வுக் குறிப்பேடு மாதிரி இருக்கிறது. ஏக்கம் அந்தக் குறிப்பேட்டின் மேல் நிற்பதால்தான் இன்னும் விழாமல் நிற்கிறது.

இரண்டு பாட்டிலும் பறவை வடக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். வந்திறங்குகிற பறவையைப் பாடும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. பினாங்கில் இலையுதிர்காலம் கிடையாது. செப்டம்பர், அக்டோபரில் சேற்றில் வந்து இறங்குகிற கூட்டம்தான் எங்கோ இலை உதிர்கிறது என்று நமக்குச் சொல்லும். பட்டர்வொர்த்துக்கு வடக்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரைக்கும் உள்ள கரைக்குப் போய்ப் பாருங்கள். கடல் ஏறுகிற நேரமாகப் பார்த்துப் போகணும். தண்ணி தள்ளத் தள்ளப் பறவைகள் கரைப்பக்கம் நெருங்கிவரும். பவளக்காலி, உப்புக்கொத்தி, கோட்டான், மூக்கன். பட்டைவால் மூக்கன் ஒன்று 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில், நடுவில் எங்கும் இறங்காமல் கடந்தது. அப்போது அதற்கு வயது ஐந்து மாதம்.

இந்த வயதுதான் என்னை உலுக்குகிற விஷயம். கரைப்பறவைகள் பலவற்றில் பெரியவை முதலில் கிளம்பிவிடும். அந்தக் கோடையில் பிறந்த குஞ்சுகள் பின்னால், தாய் தகப்பன் துணையில்லாமல், ஒருமுறையும் பார்க்காத கரையைத் தேடி வரும். தாத்தா பார்த்த ஊரை நான் பார்த்ததில்லை என்று எழுதும் மூன்றாம் தலைமுறைக் கவிஞருக்கு இதைவிட என்ன வேண்டும்? கையில் கிடைத்தும் யாரும் எடுக்கவில்லை.

எடுக்காததில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் தாவரவியல் பூங்கா ஓடைக்குக் கரும்சாம்பல் வாலாட்டி ஆகஸ்டிலேயே வரத் தொடங்கிவிடும். தைப்பூசத்துக்கும் இருக்கும், மார்ச்சிலும் இருக்கும். கணக்குப் போடுங்கள்: வடக்கே முட்டையிடப் போய் இருப்பது ஒரு கோடைதான், இங்கே ஏழெட்டு மாதம். இதைப் போய் 'விருந்தாளி' என்று எழுதுகிறோம். அடுத்த வரியிலேயே 'நாங்களும் அப்படித்தான்' என்கிறோம். நம்மை 'வந்தேறி' என்று கத்துகிறவன் மேடைக்குக் கீழே சும்மா நின்றால் போதும். அவனுடைய வேலையை நாமே சந்தம் பிசகாமல் செய்து கொடுத்துவிடுகிறோம்.

விருந்தாளிக்கு நிலத்தில் பங்கு கேட்க யாருக்கும் தோன்றாது. கர்னி டிரைவ் ஓரத்துச் சேற்றின் மேல் மண்ணைக் கொட்டிப் பூங்கா கட்டியாகிவிட்டது. தெற்கே சிலிக்கான் தீவுக்காகக் கடலை நிரப்பும் வேலை 2023இல் தொடங்கியது. இதைப் பற்றி மீனவர்கள் பேசினார்கள், சுற்றுச்சூழல்காரர்கள் பேசினார்கள். நம் வலசைக் கவிதைகளில் அதே ஆகாயம், அதே சிறகு.

சத்திமுற்றத்துக் குளம் ஒரு நாரையின் விலாசமாக இன்னும் பாடத்தில் இருக்கிறது. தெலுக் ஆயர் தாவாரின் சேற்றை அப்படிப் பெயர் சொல்லி எழுதிய தமிழ்க் கவிதை உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். சோகம் இருந்தாலும் பரவாயில்லை, பவளக்காலியின் கால் நிறம் மட்டும் சரியாக இருக்கட்டும்.