புறப்பட்டவர்களின் கதை, தங்கியவர்களின் உடல்

மனிதத் தோற்றம் பற்றிய எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் அந்த உலகப்படம் இருக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தடித்த அம்பு ஒன்று கிளம்பும். அரேபியா, இந்தியா வழியாக ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கிளை, ஐரோப்பாவுக்கு ஒன்று, சைபீரியா தாண்டி அமெரிக்காவுக்கு இன்னொன்று. ஆப்பிரிக்காவுக்குள் பெரும்பாலும் அம்பே இருக்காது. அங்கேயே தங்கியவர்கள் அதன்பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்வியும் எழாது. புறப்பட்டவர்களுக்கு வரலாறு, தங்கியவர்களுக்குத் 'தொடக்கம்' என்ற பட்டம். நவீன மனிதர் ஆப்பிரிக்காவில்தான் தோன்றினர் என்ற முடிவோடு நமக்குச் சண்டையில்லை. அந்த முடிவு கதையாடலாக மாறும்போது அதற்குள் புகுந்துகொள்ளும் அதிகாரத்தைப் பற்றியே பேச வேண்டியிருக்கிறது.

இக்கதையாடலின் மூலப்பிரதி என்று 1987 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் எழுதிய கட்டுரையைச் சொல்லலாம். 147 பேரின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை, பெரும்பாலும் பிரசவத்தில் கிடைத்த நச்சுக்கொடிகளிலிருந்து எடுத்து, ஒப்பிட்டார்கள். எல்லாருடைய தாய்வழியும் ஏறத்தாழ 2,00,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறது என்றார்கள். இனங்கள் தனித்தனியே பல லட்சம் ஆண்டுகளாக வளர்ந்தவை என்ற வெள்ளை இனவாத வாதத்துக்கு இது பலத்த அடி. ஆனால் அந்தப் பெண்ணுக்கு வைக்கப்பட்ட பெயரைப் பாருங்கள்: ஏவாள். 1988 ஜனவரியில் 'நியூஸ்வீக்' ஆதாமையும் ஏவாளையும் கறுப்பாக வரைந்து அட்டையில் போட்டது. நிறம் மாறியது, வேதாகமச் சட்டகம் அப்படியே இருந்தது. அவள் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் பலரிடமிருந்தும் மற்ற மரபணுக்கள் நமக்கு வந்திருக்கின்றன. மகள்வழித் தொடர் எங்கோ அறுந்துபோனது, அவ்வளவுதான். 'ஒரே தாய்' என்று சொன்னதும் அந்தப் பெண்கள் எல்லாரும் பிரதியிலிருந்து காணாமல் போகிறார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த ஆய்வில் 'ஆப்பிரிக்கர்' என்று கணக்கிடப்பட்ட 20 பேரில் 18 பேர் அமெரிக்கக் கறுப்பர்கள். அடிமைக் கப்பல்களில் ஏற்றப்பட்டவர்களின் வாரிசுகள் ஒரு கண்டத்துக்கே பதிலாளாக நின்றார்கள். ஆதி இடப்பெயர்வை எழுதத் தேவைப்பட்ட சாட்சியம், கட்டாயமான வேறொரு இடப்பெயர்வின் வழியாகத்தான் ஆய்வுக்கூடம் வந்துசேர்ந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இக்குறையைச் சரிசெய்தன. ஆனால் அந்தக் கட்டாயப் பயணத்துக்கு நம் உலகப்படத்தில் அம்பு கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதையை இன்று அறிவியலே கலைத்துக்கொண்டிருக்கிறது. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் 1961-இல் சுரங்கத் தொழிலாளர் கண்ணில் பட்ட மண்டையோட்டுக்கு முதலில் 40,000 வயது என்றார்கள். 2017-இல் அந்த இடத்தின் எச்சங்களுக்கு வயது ஏறத்தாழ 3,00,000 என்று தெரியவந்தது. முகம் கிட்டத்தட்ட நம்முடையது. மண்டை மட்டும் பழைய நீள வடிவம். ஆக, கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரே ஒரு 'தோட்டம்' என்ற படிமம் செல்லாது. கண்டம் முழுக்கச் சிதறியும் கலந்தும் கிடந்த பல கூட்டங்களிலிருந்து நாம் உருவாகியிருக்கிறோம். இஸ்ரேலின் மிஸ்லியா குகையில் கிடைத்த தாடை 1,77,000 ஆண்டுகளுக்கும் முந்தையது என்று 2018-இல் அறிவித்தார்கள். 60,000, 70,000 ஆண்டுகளுக்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் 'மகா புறப்பாட்டுக்கு' வெகுகாலம் முன்பே ஆட்கள் வெளியே போயிருக்கிறார்கள். 2010-இல் நியாண்டர்தால் மரபணுத் தொகுதி வெளியானதும் தூய்மைப் பேச்சுக்கும் இடமில்லாமல் போயிற்று. ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள நம் எல்லார் உடம்பிலும் அவர்களின் பங்கு சுமார் 2 சதவீதம் இருக்கிறது.

சரி, புறப்பாடு என்கிறோமே, யார் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்கள்? தலைமுறைக்கு 20 கிலோமீட்டர் நகர்ந்தாலே 5,000 ஆண்டுகளில் 4,000 கிலோமீட்டர் ஆகிவிடும். மழை பொய்த்தால் அடுத்த ஆற்றுக்கு, மீன் குறைந்தால் அடுத்த கழிமுகத்துக்கு என்று போனவர்கள்தான். அவர்களைச் சாகச வீரர்களாக்குவது பின்னால் வந்த காலனியப் பயண இலக்கியத்தின் மொழி. அம்மொழிக்குத் தங்கியவர்கள் உறைந்துபோனவர்களாக இருந்தாக வேண்டும்.

ஜொஹானஸ் ஃபேபியன் 1983-இல் வெளியான 'காலமும் மற்றமையும்' நூலில் இதைத்தான் சொன்னார்: மானிடவியல், தான் ஆராயும் மக்களைத் தன் சமகாலத்தவராக ஏற்க மறுக்கிறது. தென்னாப்பிரிக்கப் பகுதியின் சான் மக்களுக்கு நடந்தது அதுவே. அவர்களுடைய மரபுக்கிளை மிகப் பழங்காலத்தில் பிரிந்தது என்பது தரவு. 'உலகின் மிகப் பழைய மனிதர்கள்' என்பது கதை. கிளை இரண்டாகப் பிரிந்தால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே வயசுதானே? பிரிந்த பிறகு அவர்களும் நம் அளவுக்கே மாறிவந்திருக்கிறார்கள்.

இந்தக் கதைக்கு உடல்கள் விலையாகியிருக்கின்றன. கோய்கோய் இனப் பெண் சாரா பார்ட்மன் லண்டனிலும் பாரிஸிலும் காட்சிப்பொருளாக்கப்பட்டு 1815-இல் இறந்தாள். குவியே அவள் உடலை அறுத்து ஆராய்ந்தார். பாரிஸ் அருங்காட்சியகத்தில் 1970-கள் வரை பார்வைக்கு இருந்த அவள் எச்சங்கள் 2002-இல்தான் சொந்த மண்ணுக்குத் திரும்பின. 2010-இல் நமீபியாவின் நான்கு சான் முதியவர்களின் மரபணு விவரங்கள் வெளியானபோது, எங்கள் அமைப்புகளைக் கேட்டீர்களா என்று சான் தலைவர்கள் ஆட்சேபித்தார்கள். பயன்படுத்திய சொற்கள் இழிவானவை என்றார்கள். 2017-இல் தங்களை ஆராய வருவோருக்கான ஒழுக்க நெறியைச் சான் மக்களே வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்பவை அதன் அடிப்படை. இடையில் போட்ஸ்வானா அரசு 1997-லும் 2002-லும் மத்திய கலஹாரியிலிருந்து அவர்களை வெளியேற்றியது. அது சட்டவிரோதம் என்று 2006-இல் உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மூத்தகுடி என்ற பட்டம் ஒரு குடிசையைக்கூடக் காப்பாற்றவில்லை.

நாம் மட்டும் என்ன வாழ்கிறது? ஸ்க்லேட்டர் 1864-இல் லெமூர்களுக்காகக் கற்பனை செய்த லெமூரியாவை ஹெக்கல் மனிதகுலத் தொட்டில் ஆக்கினார். கண்டப்பெயர்ச்சி அறிவியல் அதைக் கைவிட்டு எத்தனையோ வருஷமாகியும் நம் மேடைகள் கைவிடவில்லை. 2002-இல் ஸ்பென்சர் வெல்ஸின் நூலும், அதையொட்டி ஆவணப்படமும் வந்தன. மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் எம் 130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளம் கிடைத்த செய்தி பரவியதும் 'முதல் இந்தியர்' என்ற பட்டம் தயாராகிவிட்டது. அந்த அடையாளம் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது. பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒவ்வொருவருக்கும் 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஒய் காட்டுவது அதில் ஒன்றை. மற்ற 1,023 பேரை அழித்துவிட்டு ஒரு தகப்பனை மட்டும் நிறுத்தும் இந்தக் கணக்கு நமக்குப் பழகியதுதான். கோத்திரம் என்பது வேறென்ன?

இந்த ஆய்வுகளைத் தமிழில் எழுதுகிறவர்களும் மேடையில் பேசுகிறவர்களும் இனி 'முதல்', 'ஆதி', 'மூத்த' என்ற சொற்களைக் கையிலெடுக்கும்போது சிலவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். யாருடைய ரத்தம், யாரைக் கேட்டு எடுத்தது, பட்டம் கொடுத்தபின் அவர் நிலம் அவரிடம் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்குப் பதிலில்லாத ஆதிப்பெருமை யாருக்கு வேண்டும்?