பின்னக் கணக்கும் எழுத்து விளக்கமும்

விடை சரியாயின் மாணவன் பொருளுணர்ந்தான் என்று கொள்ளுதல் ஆசிரியரிடையே வேரூன்றிய வழக்கமாகும். அது பெரிதும் ஐயுறற்பாலது. அமெரிக்காவில் எர்ல்வாங்கர் என்பார் 1973 இல் வெளியிட்ட ஆய்விலே 12 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றிக் கூறுகின்றார். அவன் கணிதத் தேர்வுகளில் நன்கு தேறிவந்தவனே. ஆயினும் 2/10 என்பதைத் தசமமாக்குங்கால் இரண்டையும் பத்தையும் கூட்டி 1.2 என்றான். உரையாடிக் கேட்டபோதே அவன் மயக்கம் புலனாயிற்று.

ஆகவே, விடையோடு விளக்கமும் எழுதுவித்தல் நன்று. ஆனால் எத்தகைய விளக்கம்? 1¾ ஐ ½ ஆல் வகுக்குமாறு கேட்டால், "வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கினேன், விடை 3½" என்றெழுதுவது விளக்கமன்று, செய்கையைச் சொல்லால் திருப்பியுரைத்தலேயாம். 1¾ மீற்றர் துணியை அரை மீற்றர்த் துண்டுகளாக வெட்டினால், மூன்று துண்டுகள் போகக் கால் மீற்றர் எஞ்சும். எஞ்சியது காலாயிருக்க, விடையில் அரை வந்தது எங்ஙனம்? கால் மீற்றர் ஒரு துண்டிற் பாதி என்று காட்டுபவனே வகுத்தலின் பொருளை உணர்ந்தவன்.

இம்முறைக்கும் குறையுண்டு. மொழிவளங் குன்றிய மாணவன் கணக்கறிவிருந்தும் புள்ளியிழப்பான். மனனஞ் செய்த வாக்கியத்தால் மற்றொருவன் புள்ளி பெறுவான். படம் வரைந்து காட்டுதலையும் விளக்கமாக ஏற்றலும், வகுப்பிற் கேளாத புதுவினாவை வினாவுதலும் இக்குறைகளைத் தணிக்கும். நடையழகை நோக்காது கருத்துத் தெளிவிற்கே புள்ளியிடுதல் வேண்டும். தவறு எங்கே பிறந்தது என்பதை அறிந்த பின்னரே ஆசிரியர் அதனைத் திருத்தல் இயலும்.