படியளப்பும் பிணக்குவியலும்

பண்டைய எகிப்தியர் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய வரலாற்று நாவல்களே போதும், பாடநூல் தராத உயிரை அவை தருகின்றன என்று வாதிடுவோர் பெருகிவிட்டார்கள். பாதி உண்மைதான். மண்டையோட்டைத் திறந்து செய்யும் சிகிச்சையை மிகா வால்டரியின் ‘சினுஹே’யிலும் (1945), எகிப்தின் மீது ஹிக்சோஸ் என்ற அந்நியர் நடத்திய படையெடுப்பை வில்பர் ஸ்மித்தின் ‘ரிவர் காட்’டிலும் (1993) முதன்முதலாகத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு. ஆர்வத்தைக் கிளறுவதில் இந்நூல்கள் வல்லவை.

ஆனால் வாழ்க்கையைக் கற்பிக்கின்றனவா? அகதா கிறிஸ்டியின் ‘டெத் கம்ஸ் ஆஸ் தி எண்ட்’ (1944) நாவலையே எடுத்துக்கொள்வோம். அரண்மனையை விட்டு ஒரு குடும்பத்துக்குள் நுழைந்த அபூர்வமான நூல் என்று இதைத்தான் முதலில் நீட்டுவார்கள். தீப்ஸ் அருகே கிடைத்த ஹெக்கானக்தின் கடிதங்கள்தான் அதன் ஊற்று. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன், வெளியூரில் இருந்துகொண்டு வீட்டுக்கு எழுதிய ஒரு குடும்பத் தலைவரின் கடிதங்கள் அவை. நல்ல புது பார்லியை வைத்துக்கொண்டு எனக்குக் காய்ந்த பழசை அனுப்பினீர்களே என்று பொருமுகிறார். பஞ்ச காலத்தில் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு தானியம் என்று பெயர் போட்டுப் படியளக்கிறார். முணுமுணுப்பவர்களிடம், சாவதற்கு அரைவயிறு மேல் என்கிறார். வீட்டில் நெய்த துணியைக் கொடுத்து நிலத்தைக் குத்தகைக்குப் பிடிக்கச் சொல்கிறார். புது மனைவியை இழிவாக நடத்திய வேலைக்காரியை உடனே விரட்டு என்றும் உத்தரவிடுகிறார்.

கிறிஸ்டி எடுத்துக்கொண்டது அந்தக் கடைசிச் சண்டையை மட்டும். அவர் கதையில் வீட்டுக்கு வந்த இளம்பெண் சாகிறாள்; பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பிணங்கள். பார்லியும் குத்தகையும் பின்னணித் திரையாகிவிட்டன. கதை வேறெந்த இடத்திலும் காலத்திலும் நடந்திருக்கலாம் என்று முன்னுரையில் அவரே நேர்மையாகச் சொல்லிவிட்டார். அவரைப் பாராட்டுகிறவர்கள்தான் அதைப் படிப்பதில்லை.

இது ஒரு நூலின் குறையல்ல, இவ்வகை எழுத்தின் பழக்கம். டெய்ர் எல்-மெதினா என்ற ஊரில் வாழ்ந்து அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்களின் வருகைப் பதிவு சுண்ணாம்புக்கல் சில்லில் எழுதப்பட்டுக் கிடைத்திருக்கிறது; மன்னர் இரண்டாம் ராம்செஸ் ஆட்சியின் 40ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தேள் கொட்டியது, கண் நோய், பீர் காய்ச்சப் போனான் என்று வராததற்கான காரணங்கள் அதில் உள்ளன. மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆண்டில் தானியக் கூலி வராததால் அதே ஊர்க்காரர்கள் வேலையை நிறுத்திக் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். மீனும் காய்கறியும் எண்ணெயும் துணியும் இல்லை என்று முறையிட்டார்கள். இதைவிடப் பெரிய நாடகம் எந்த நாவலாசிரியருக்கு வேண்டும்? கிறிஸ்தியான் ஜாக் இந்த ஊரையே களமாக்கித் தொடர் நாவல் எழுதினார். அதன் மையத்தில் இருப்பது மர்ம சக்தி கொண்ட ஒரு கல்லும், அதைப் பறிக்கத் துடிக்கும் தளபதியும். பிரமிடையும் சாபத்தையும் ஏற்கெனவே தெரிந்து வைத்திருக்கும் வாசகருக்கு இன்னுமொரு மர்மம் கிடைக்கிறது. பசியோடு கோயில் பின்புறம் உட்கார்ந்திருந்தவர்கள் அவருக்குத் தெரியாதவர்களாகவே இருந்துவிடுகிறார்கள்.