நட்ட பின் வரும் கோடைகள்: பார்க்கிங் நகரின் மரநடுகை

கிழக்கு லண்டனில் உள்ள பார்க்கிங் நகரில் மரம் நடும் பருவம் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. இலை உதிர்ந்து மரங்கள் உறங்கும் அந்த மாதங்களில்தான் வேரில் மண் ஒட்டாத இளங்கன்றுகளை இடம் மாற்றி நட முடியும். பூங்காவில் கூடி நடுவது, வீட்டுக்கும் பள்ளிக்கும் இலவசக் கன்று வாங்குவது, தெருவோர மரத்துக்குப் பணம் தருவது என்று லண்டன் குடியிருப்பாளர்கள் பல வழிகளில் இதில் சேர்கிறார்கள். பிரிட்டனில் பொதுமக்களைப் பெரிய அளவில் மரம் நட அழைக்கும் வழக்கம் 1973-இல் வேகம் பெற்றது. டச்சு எல்ம் நோயால் கோடிக்கணக்கான எல்ம் மரங்கள் பட்டுப்போன காலம் அது. அவ்வாண்டு நடந்த இயக்கத்தின் தொடர்ச்சியாக 1975 முதல் தேசிய மர வாரம் ஆண்டுதோறும் நடந்துவருகிறது.

பார்க்கிங்குக்கு மரம் தேவை என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. ஒரு காலத்தில் பார்க்கிங் கன்னியர் மடத்துக்கு உரியதாக இருந்த ஹெயினால்ட் காட்டின் பெரும்பகுதி, அதன் காட்டுநிலையை நீக்கிய 1851-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் சில வாரங்களிலேயே வேரோடு பிடுங்கப்பட்டு வயலாக்கப்பட்டது. பிறகு தொழிற்சாலைகளும் மின்நிலையமும் வந்தன. 1921-க்கும் 1935-க்கும் இடையே லண்டன் மாவட்ட மன்றம் ஏறத்தாழ 26,000 வீடுகளோடு பெக்கன்ட்ரீ குடியிருப்பைக் கட்டியது. இன்றைய பார்க்கிங்–டாகனம் பெருநகரப் பகுதி லண்டனில் மரநிழல் குறைந்த பகுதிகளில் ஒன்று. 2019-ஆம் ஆண்டின் அரசுக் குறியீட்டின்படி அது லண்டனிலேயே மிகவும் வறுமைப்பட்டதும்கூட. நிழல் இல்லாத இடமும் வறுமை மிகுந்த இடமும் ஒன்றாக அமைவது தற்செயலானதல்ல. 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் வெப்பம் முதன்முறையாக 40 பாகையைத் தாண்டியபோது, பக்கத்திலுள்ள வென்னிங்டனில் புல்வெளியில் பற்றிய தீ வீடுகளை எரித்தது.

மரத்தின் நன்மைகளில் உறுதியாகச் சொல்லத்தக்கவை நிழலும் நீரும். இலைகளின் நிழலும் அவை வெளிவிடும் நீராவியும் தெருவைக் குளிர்விக்கின்றன. மண்ணை இளக்கும் வேர்கள் மழைநீரை உள்ளே இறக்குகின்றன. பார்க்கிங்கிலேயே இதற்குச் சான்று உண்டு. மேய்ஸ்புரூக் பூங்காவில், நேர்க்கோட்டுக் கால்வாயாக வேலிக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்த ஓடை 2011-இல் வளைந்து நெளிந்து ஓடும்படி மாற்றப்பட்டது, வெள்ளம் பரவ இடம் விடப்பட்டது, மரங்களும் நடப்பட்டன. செலவிடும் ஒவ்வொரு பவுண்டுக்கும் ஏறத்தாழ 7 பவுண்டு மதிப்புள்ள பயன் காலப்போக்கில் திரும்பும் என்று அத்திட்டத்துக்கான ஆய்வு கணித்தது. ஓடை, வெள்ளநிலம், புல், மரம் அனைத்தையும் ஒன்றாகத் திட்டமிட்டதன் பலன் அது. மரம் மட்டும் நட்டிருந்தால் அந்தக் கணக்கு வந்திருக்காது.

காற்றைத் தூய்மையாக்கும் என்ற வாக்குறுதி மட்டும் மிகைப்படுத்தப்படுகிறது. பார்க்கிங் வழியே செல்லும் ஏ13 நெடுஞ்சாலையின் புகையில் தெருவோர மரங்கள் பிடித்து வைப்பது மிகச் சிறு பங்கு. இருபுறமும் உயர்ந்த கட்டடங்கள் உள்ள குறுகிய தெருவில் அடர்ந்த கிளைகள் புகையை வெளியேறவிடாமல் தடுக்கவும் கூடும். புகையைக் குறைக்க வண்டிகளைத்தான் குறைக்க வேண்டும். குழந்தையின் மூச்சிரைப்பு தீரும் என்று நம்பி மரம் நட்ட தாய் ஏமாந்தால், அடுத்த அழைப்புக்கு அவர் வரமாட்டார்.

மரம் நடும் பழக்கத்தின் பெரிய குறை அளவுகோலில் இருக்கிறது. எத்தனை கன்று நட்டோம் என்று எண்ணுகிறார்கள். எத்தனை பிழைத்தன என்று பெரும்பாலும் எண்ணுவதில்லை. கேம்பிரிட்ஜ்–ஹண்டிங்டன் இடையே ஏ14 நெடுஞ்சாலையை ஒட்டி நடப்பட்ட சுமார் 8,60,000 மரங்களில் முக்கால் பங்கு பட்டுப்போனது பின்னர் தெரியவந்தது. குளிர்காலத்தில் நடுவது வேருக்கு நல்லது. ஆனால் முதல் மூன்று கோடைகளில் தண்ணீர் இல்லாவிட்டால் தெருவோரக் கன்று நிற்பது அரிது. மழை தானாகவே வரும் நாடு என்ற பழைய நம்பிக்கை, மே முதல் செப்டம்பர் வரை வாளி தூக்க வேண்டிய வேலையை மறைத்துவிடுகிறது. இலங்கையின் வட மாகாணத்தில் நவம்பர், அதாவது கார்த்திகை, மரநடுகை மாதமாகக் கொள்ளப்பட்டதற்குக் காரணம் வடகீழ்ப் பருவமழை. அங்கேயும் தை பிறந்து மழை ஓய்ந்தபின் ஆட்டுக்கும் வெயிலுக்கும் தப்புகிற கன்றுதான் மரமாகிறது. நட்ட நாளின் ஒளிப்படத்தைக் காட்டிலும் மூன்றாம் ஆண்டு ஆகஸ்டில் எடுக்கும் ஒளிப்படமே நம்பத்தக்கது.

மண்ணும் கேள்வி கேட்கிறது. பழைய மின்நிலையம் இருந்த பார்க்கிங் ரிவர்சைட் நிலத்தில் நிலக்கரிச் சாம்பல் கொட்டப்பட்டிருந்தது. சதுப்புக்கு அருகில் தழைக்கும் இனம் அங்கே தழைக்கும் என்று சொல்ல முடியாது. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக ஒரே கன்றை எங்கும் ஊன்றும் முறை இதைக் கவனிப்பதில்லை.

குடியிருப்பாளர் மரத்தை மறுத்தால் அவர்களுக்குச் சுற்றுச்சூழல் அக்கறை இல்லை என்று முடிவுகட்டுவது இன்னொரு தவறு. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 2011–2014 காலத்தில் வீட்டு முன்னால் இலவச மரம் பெறத் தகுதியான 7,425 முகவரிகளில் ஏறத்தாழ கால் பங்கினர் வேண்டாம் என்றனர். ஆய்வாளர் கிறிஸ்டின் கார்மைக்கேல் விசாரித்தபோது தெரிந்தது வேறு. அந்த மக்கள் மரத்தை வெறுக்கவில்லை. நகரம் முன்பு கவனிக்காமல் விட்ட மரங்கள் விழுவதை அவர்கள் கண்டிருந்தார்கள். எந்த மரம், எங்கே, யார் வெட்டிச் சீர்செய்வது என்று எவரும் அவர்களைக் கேட்கவில்லை. பெக்கன்ட்ரீக்கும் இது பொருந்தும். மன்றத்தின் வாடகைதாரர் வேலிச்செடியும் முன்தோட்டமும் ஒழுங்காகப் பேண வேண்டும் என்ற கண்டிப்பான விதி அங்கே இருந்தது. 1980-இல் வாடகைதாரருக்கு வீட்டை வாங்கும் உரிமை வந்து, பிறகு கார்களும் பெருகியபின், பல முன்தோட்டங்கள் கல் பாவப்பட்டுக் கார் நிறுத்தமாயின. 2008 முதல், 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தரை போட அனுமதி வேண்டும் என்ற விதி வந்தாலும் இழந்தது திரும்பவில்லை. பூங்காவில் நூறு கன்று நடும் இன்றைய உள்ளாட்சி மன்றம், அதே தெருவில் மிஞ்சியிருக்கும் வேலிச்செடிகளைக் காக்க வழி காணாவிட்டால் கணக்கு நேர்ப்படாது. வளர்ந்த மரத்துக்கும் அதே நியாயம்: ஷெஃபீல்டில் தெரு மரங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிப் புதியன நட்டபோது மக்கள் ஏன் வீதிக்கு வந்தார்கள் என்பது இங்கேயும் நினைவில் இருக்க வேண்டியது. ஒரு முதிர்ந்த மரத்தின் நிழலை எட்டக் கன்றுக்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

பணம் கொடுத்து மரம் கேட்கும் முறைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. வசதியுள்ள தெருக்கள் கேட்டுப் பெறுகின்றன. ஏற்கெனவே நிழல் உள்ள இடம் மேலும் பசுமையாகிறது. வாடகைக்கு இருப்போர் மிகுந்த பார்க்கிங்கில், இரண்டு ஆண்டில் வீடு மாறுகிறவர் மூன்று கோடைக்குப் பொறுப்பேற்க முடியாது. ஆகவே பொறுப்பைத் தனி ஆளிடம் விடாமல், இடம் மாறாத அமைப்பிடம் கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது. பள்ளி, தேவாலயம், பள்ளிவாசல், குர்துவாரா, வாடகைதாரர் சங்கம், பக்கத்து ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு வரை பரவியிருக்கும் தமிழரின் கோயில்களும் ஞாயிறு பள்ளிகளும் இதற்குப் பொருத்தமானவை. கோயிலுக்குத் தலவிருட்சம் இருப்பது தமிழருக்குப் பழகிய வழக்கம். அதைத் தெரு மரத்துக்கும் நீட்டுவது கடினமல்ல. மன்றத்தின் பங்கு அதற்கு முன்பே தொடங்குகிறது: இனத்தைத் தேர்வு செய்ய மக்களைக் கேட்பது, அருகில் தண்ணீர்க் குழாயும் நீர்ப்பையும் வைப்பது, மூன்று ஆண்டுக்கான பராமரிப்புச் செலவை நடுகைச் செலவோடு சேர்த்தே ஒதுக்குவது, பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கையைத் தெரு வாரியாக ஆண்டுதோறும் வெளியிடுவது.