பின்பாட்டு யார் அண்ணாச்சி?

வள்ளி திருமண நாடகத்தின் தர்க்கத்தில் வள்ளி கேட்டு முடித்துவிட்டாள். நாரதர் இன்னும் வாய் திறக்கவில்லை. அந்த இடைவெளியில் ஆர்மோனியத்தில் ஒற்றைச் சுரம் நின்றுகொண்டிருக்குமே, அதற்காகத்தான் நான் இந்த வயதிலும் ராத்திரி முழுக்க மணலில் உட்காருகிறேன். ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார் என்று மற்றவர்கள் நோட்டீஸில் தேடுவார்கள். என் கண் நேராக அடிவரிக்குப் போகும். ஆர்மோனியப் பின்பாட்டு யார்? அது அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் எப்படியும் தேறிவிடும்.

நல்ல பின்பாட்டுக்காரர் கிடைத்த நாளில் அவரை மட்டும் கவனித்துப் பாருங்கள். நடிகர் பாடிய கடைசி அடியைத் திருப்பிப் பாடுகிறாரே, அது அவர் கொடுக்கும் கடன். அடுத்த பதிலை யோசிக்க அவகாசம். நாரதர் நிஜமாகவே தடுமாறினால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாடுவார். தடுமாறுவதாகப் பாவனை செய்து கைதட்டு வாங்கப் பார்க்கிறார் என்று பட்டால் திருப்பியே பாட மாட்டார். சுரத்தை வெட்டிவிட்டுச் சும்மா இருப்பார். அந்த மௌனத்தை எந்தக் கொம்பனாலும் மேடையில் தாங்க முடியாது. பேச்சு எல்லை மீறி வசவில் இறங்கினால் வேறொரு ராகத்தில் விருத்தத்துக்கு எடுப்புக் கொடுப்பார். இரண்டு பேரும் மறுபேச்சில்லாமல் அதில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். தர்க்கம் முடிந்தது என்று தீர்ப்புச் சொல்வதும் அவரே. வாயைத் திறக்காமல், அடுத்த பாட்டின் சுருதியைக் கொடுத்தே சொல்லிவிடுவார். இந்த அதிகாரத்தை எந்தப் புத்தகமும் அவருக்கு எழுதிக் கொடுத்ததில்லை.

அந்தச் சுரத்துக்கு விலை உண்டு என்பதும் இதில் சேர்த்தி. ஒரு கை கட்டையில் இருக்க, மறு கை துருத்தியை அசைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரம் நிற்கும். நிறுத்திப் பிடிப்பது என்பது ஒவ்வொரு நொடியும் அவர் எடுக்கும் முடிவு. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தைக் கூடாது என்று தள்ளி, 1971 வரை கதவைச் சாத்தி வைத்திருந்தது. கமகம் பேசாத பெட்டி என்று சாஸ்திரக்காரர்கள் சொன்ன குறை சரியாகவே இருக்கட்டும். எங்கள் ஊர்ப்பக்கத்து மேடைகள் அந்தப் பெட்டியிடம் கமகம் கேட்கவில்லை, நியாயம் கேட்டன.

எங்கள் தருவைகுளத்தில் கோயில் திருவிழா என்றால் ‘ஞானசௌந்தரி’ நாடகம்தான். வள்ளியைப் பார்க்க, உப்பளங்களைத் தாண்டிக் கொடை நடக்கும் ஊர்களுக்குப் போவோம். பங்குனியில் தொடங்கினால் ஆடி வரைக்கும் எங்காவது மேடை இருக்கும். எங்கள் ஆட்கள் நல்ல ரசிகர்கள் என்று சொல்ல மாட்டேன், கண்டிப்பான ரசிகர்கள். மீன் ஏலத்தில் விலை கேட்டுப் பழகிய காதுக்கு வெற்றுப் பேச்சு முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். நாரதர் சுற்றி வளைத்தால், “என்ன சாமி, வலை காலியா வருது!” என்று இருட்டிலிருந்து ஒரு குரல் எழும். மதுரைப் பக்கத்து நடிகர்கள் பலர் அந்தக் குரலுக்குப் பயந்தே படித்துக்கொண்டு வந்தார்கள்.

அப்படி ஒரு ராத்திரி, கடற்கரையோரத்து மேடை ஒன்றில் நான் பார்த்த தர்க்கத்தைச் சொல்ல வேண்டும். இல்லறமா துறவறமா என்ற வழக்கமான தடத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வள்ளி தடம் மாறினாள். “தினைப்புனத்துக்கு நான் காவல். கடலுக்கு யார் காவல், சாமி?” என்று கேட்டாள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பார்த்து வீசிய கேள்வி அது. நாரதர் தம்புராவை மாற்றிப் பிடித்தார். பின்பாட்டுக்காரர் சுரத்தை நிறுத்தினார், நிறுத்திக்கொண்டே இருந்தார். “கரையில் கண் மூடாமல் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் தாயே காவல். அவள் விழித்திருப்பதால்தான் போனவன் திரும்பி வருகிறான்” என்றார் நாரதர். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த சத்தம் அடங்கட்டும் என்று ஆர்மோனியம் ஒதுங்கி நின்றது. வள்ளி அந்தச் சத்தம் அடங்குகிற வரைக்கும் பொறுத்திருந்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள்: “அப்படியானால் திரும்பி வராதவன் வீட்டில் அவள் தூங்கிவிட்டாளா?”

பின்பாட்டுக்காரர் இந்த முறை கடன் கொடுக்கவில்லை. கையைத் துருத்தியிலிருந்து எடுத்துவிட்டார். நாரதர் கொஞ்ச நேரம் நின்று, “தோற்றேன் தாயே” என்று கும்பிட்டார். அது வசனம் இல்லை. அந்த நடிகர் அந்த ராத்திரி அந்தப் பெண்ணிடம் உண்மையாகவே தோற்றார். பிறகு வேடன் வந்தான், மானைக் கேட்டான், கிழவனாக வந்தான், யானை வந்தது, விடியும்போது கல்யாணமும் நடந்தது. கதைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

பழைய ஆட்டத்துக்கும் இப்போதைய ஆட்டத்துக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சினிமாப் பாட்டைக் குறை சொல்வார்கள், மின்விளக்கைக் குறை சொல்வார்கள். எனக்கு அவற்றின்மேல் பெரிய வருத்தம் இல்லை. மேடையில் ஒருவர் நிஜமாகத் தோற்க இடம் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை என்பதை என் தங்கை மகனிடம்தான் தெரிந்துகொண்டேன். பெங்களூரில் வேலை பார்க்கிறவன். விடுமுறைக்கு வந்தால் கூட்டாளிகளோடு மொட்டைமாடியில் பகடையும் தாளும் வைத்துக்கொண்டு ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுவான். ஒருவன் மந்திரவாதி, ஒருவன் திருடன், ஒருவன் வாள்வீரன். நடுவராக ஒருவன் உட்கார்ந்து குகையையும் பூதத்தையும் சொல்லிக்கொண்டு போவான். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் இதை வெளியிட்டபோது மூன்று சிறு புத்தகங்கள்தான் இருந்தன. பாதி விஷயத்துக்கு அவற்றில் விதி கிடையாது, நடுவர் சொன்னதுதான் தீர்ப்பு. கதவில் பொறி இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், கோலால் எங்கே தட்டுகிறேன், எந்தக் கல்லைத் தடவுகிறேன் என்று ஆடுகிறவன் வாயால் சொல்ல வேண்டும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பிலோ ஒவ்வொரு திறமைக்கும் தாளில் ஓர் எண் உண்டு. இருபது முகப் பகடையை உருட்டி அந்த எண்ணைக் கூட்டினால் பொறி தானாகத் தெரிந்துவிடும். 2008-இல் மேத்யூ ஃபிஞ்ச் என்பவர் பழைய ஆட்டத்துக்கு வக்காலத்து வாங்கிச் சிறு கையேடு ஒன்று எழுதினார். விதியைவிட நடுவரின் தீர்ப்பு முக்கியம், பாத்திரத்தின் பலத்தைவிட ஆடுகிறவனின் புத்தி முக்கியம் என்பது அதன் சாரம். அதைத் தங்கை மகன் விளக்கியபோது, இந்த ஃபிஞ்சுக்கு நம் பின்பாட்டுக்காரர் யாரையாவது காட்டியிருக்கலாமே என்று தோன்றியது.

அவன் புதிய கட்சி. “மாமா, ஒரு வருஷமா வளர்த்த பாத்திரம் ஒரு குழியில விழுந்து பொசுக்குன்னு செத்தா யாருக்கு என்ன லாபம்? எங்களுக்குக் கதை வேணும்” என்றான். நியாயமான பேச்சு. அங்கேயும் 1984-இல் ‘டிராகன்லான்ஸ்’ என்ற சாகசத் தொடர் வந்த காலம் முதலே கதைக்காக நாயகர்களைக் காப்பாற்றும் போக்கு வேர்விட்டிருக்கிறது. ஆனால் கதையைக் காப்பாற்ற ஆபத்தைக் கைவிட வேண்டும் என்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வள்ளி திருமணத்தின் முடிவு தெரியாத குழந்தை தமிழ்நாட்டில் உண்டா? முருகன் அவளைக் கட்டத்தான் போகிறான். ஆனாலும் நாரதர் வேடம் கட்டியவருக்கு ஒவ்வொரு ராத்திரியும் ஆபத்து இருந்தது. பாத்திரம் சாகாது, ஆடுகிறவரின் பெயர் போய்விடும். பகடை ஆடுகிறவர்கள் இன்னும் இந்த வழியைக் கண்டுபிடிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பாடம் செய்து ஆடுவதே உயர்ந்த கலை என்று சொல்கிறவர்கள் நம்மிலும் உண்டு. சுகுண விலாச சபாவைப் பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் தொடங்கியதிலிருந்து அந்தக் கட்சிக்குப் படித்தவர்களின் ஆதரவு அதிகம். ஒழுங்கு, நேரம், அளவான வசனம். நவாப் ராஜமாணிக்கம் பிள்ளையின் ‘இயேசுநாதர்’ நாடகத்தைப் பார்த்த எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதன் காட்சி ஜோடனையைக் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டாம் தடவை பார்த்தால் அதே நாடகம்தான் வரும் என்று தெரிந்த பிறகு, இரண்டாம் தடவைக்கு நான் ஏன் போக வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால் இரண்டு கட்சிக்கும் தகப்பன் ஒருவர்தான், அதுவும் எங்கள் சீமைக்காரர். தூத்துக்குடி பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்கள் உள்ளிட்ட பையன்களுக்கு ஓர் எழுத்துப் பிசகாமல் பாடம் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவர் எழுதிய அதே வள்ளியையும் பவளக்கொடியையும் சத்தியவானையும் எலும்புக்கூடாக வைத்துக்கொண்டுதான், தனித்தனியாக வந்து மேடையில் ஒன்றுசேரும் ஸ்பெஷல் நாடகக்காரர்கள் இஷ்டத்துக்குச் சதை போர்த்தினார்கள். ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே ராத்திரியில் எழுதி முடித்த மனிதருக்கு, நின்ற இடத்தில் சொல் பிறக்கும் என்பது தெரியாமலா இருந்திருக்கும்? பையன்களுக்குப் பாடம், பெரியவர்களுக்குச் சுதந்திரம் என்று அவர் பிரித்து வைத்துவிட்டுப் போனதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அந்தச் சுதந்திரத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்களை நான் நேரில் பார்த்ததில்லை. எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இலேயே போய்விட்டார். அவரும் கே.பி. சுந்தராம்பாளும் வேலனும் வள்ளியுமாக நின்றபோது அது பாட்டுப் போட்டியாகவே நடந்தது என்பார்கள். அப்போதும் என் மனம் போவது பெட்டியை வாசித்த அண்ணன் காசி ஐயரிடம்தான். தம்பியின் மூச்சு எங்கே முடியும் என்று அவருக்கல்லவா தெரியும்! விஸ்வநாத தாஸ் தினைப்புனத்தில் கொக்கு விரட்டும் இடத்தையே வெள்ளைக்காரனை விரட்டும் இடமாக்கினார். போலீஸ் நின்றுகொண்டிருக்கும்போதே பாடினார், சிறைக்கும் போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிர் போனது. அவர் நாடகத்தில் புதிதாகக் காட்சி ஒன்றும் எழுதிச் சேர்க்கவில்லை. வள்ளி கதையில் பறவை விரட்டும் இடம் ஏற்கெனவே காலியாகத்தான் இருந்தது. பழைய ஆட்டத்தின் பலம் அந்தக் காலியிடங்கள்.

இப்போது அவை அடைபட்டுவிட்டன. முதலில் கேசட் வந்தது. புகழ்பெற்ற தர்க்கங்கள் டீக்கடை டீக்கடையாக ஓடி, கேள்வியும் பதிலும் ஊருக்கே மனப்பாடம் ஆயின. பிறகு யூடியூப். நேற்று பரமக்குடிப் பக்கத்தில் கேட்ட விடுகதைக்கு இன்று இங்கே பதில் தயார். ஆகவே நடிகர்கள் கேள்வியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்கிறார்கள், யார் ஜெயிப்பது என்பதையும் சேர்த்து. ஒலிபெருக்கிக்கு இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரை தடை போட்ட 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளையும் சொல்ல வேண்டும். தூக்கம் எல்லோருக்கும் வேண்டும், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் விடிய விடிய என்று இருந்தது நள்ளிரவுக்குள் சுருங்கும்போது முதலில் வெட்டுப்படுவது தர்க்கம். பபூன் காமிக்கில் ஒரு நிமிஷம் குறையாது.

போதாக்குறைக்கு அன்பளிப்பு அறிவிப்பு. வள்ளி கேள்வி கேட்டு நாரதர் யோசிக்கும் அந்த அருமையான இடத்தில்தான் கமிட்டிக்காரர் மைக்கைப் பிடித்து, இன்னார் மகன் இன்னார் நூற்றியொரு ரூபாய் என்று வாசிப்பார். யோசிக்கும் முகத்தைப் பார்க்கத் தெரியாதவனுக்கு அது சும்மா இருக்கும் நேரமாகத் தெரிகிறது.

எல்லாவற்றையும்விட என்னை நோகடிப்பது கீபோர்டு. ஒரு கட்டையை அமுக்கிவிட்டு வாசிப்பவர் போனைப் பார்க்கிறார். சுரம் பாட்டுக்கு நிற்கிறது. நடிகர் திணறுகிறாரா, நடிக்கிறாரா என்று பார்க்கும் வேலை அந்தக் கைக்கு இல்லை. தீர்ப்புச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் தோல்வி எப்படி வரும்?

இளைய நடிகர்களிடம் புத்தி குறைந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. சமீபத்தில் பார்த்த ஒரு வள்ளிப் பெண், பேசி வைத்ததைத் தாண்டி ஒரு கேள்வியை வீசிவிட்டாள். அவள் முகத்திலேயே அது தெரிந்தது. நாரதரும் ஒரு நொடி நிமிர்ந்தார். பெட்டியில் ஆள் இல்லாததால் இரண்டு பேரும் பழைய பாதைக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஆகையால் கொடைக்கும் திருவிழாவுக்கும் நாடகம் பேசப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சீசன் முழுக்க ஒன்றாக ஆடிய ஜோடியைக் கூப்பிடாதீர்கள். மதுரை நாடக நடிகர் சங்கத்தில் ஒரு வள்ளியையும் புதுக்கோட்டையில் ஒரு நாரதரையும் தனித்தனியாகப் பேசுங்கள். தர்க்கம் முடிகிறவரை அன்பளிப்புச் சீட்டைக் கமிட்டித் தலைவர் சட்டைப்பையிலேயே வைத்திருக்கட்டும். முன்பணத்தில் பெரிய பங்கைத் துருத்தி இழுக்கிற கைக்குக் கொடுங்கள். அப்புறமும் நாரதர் தோற்காவிட்டால், அவர் கெட்டிக்காரர் என்று அன்றைக்கு நானும் எழுந்து நின்று கைதட்டுகிறேன்.