வெறுந்தேரின் அழகு

புதுத் தேர் செய்தால் உடனே சாமியை ஏற்றிவிட மாட்டார்கள். வெறுந்தேரை ஒருமுறை நான்கு வீதியும் இழுத்துப் பார்ப்பார்கள். எந்த முக்கில் அச்சு முனகுகிறது என்பது அந்த வெள்ளோட்டத்திலேயே தெரிந்துவிடும். எம்பர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்குக்குப் பழைய பாணியில் எழுதிய ஆட்-ஆனுக்குள் ‘டம்மி’ என்றொரு குட்டி ஆப் இருக்கும். டெஸ்ட் ஓட்டுவதுதான் அதன் முக்கிய வேலை. அதுதான் வெறுந்தேர். அதை எந்தெந்த வீதியில் இழுக்க வேண்டும் என்று எழுதிவைத்திருப்பது எம்பர்-ட்ரை ஃபைல். நிரலைப் படிக்கும் முன் நான் திறப்பது அதைத்தான்.

ஆப் எழுதுகிறவருக்கு எம்பரின் ஒரு வெர்ஷன் போதும். ஆட்-ஆன் எழுதுகிறவர் பாடு வேறு. தன் சரக்கு யார் வீட்டில் எந்த வெர்ஷனோடு குடித்தனம் நடத்தும் என்று அவருக்கே தெரியாது. எம்பரில் ஆறு வாரத்துக்கு ஒரு வெளியீடு. நான்கில் ஒன்று நீண்டகாலப் பராமரிப்புக்கான எல்டிஎஸ். ஆகவே பட்டியலில் பழைய எல்டிஎஸ் ஒன்றிரண்டு, இன்றைய ரிலீஸ், அடுத்து வரும் பீட்டா, இன்னும் வேகாத கேனரி. எம்பர்-ட்ரை, பேக்கேஜ்.ஜேசனைப் பத்திரப்படுத்திவிட்டு, வெர்ஷன் எண்ணை மாற்றி, இன்ஸ்டால் செய்து, டெஸ்ட்டை ஓட்டி, எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடும். இப்படி நாகரிகமான விருந்தாளியை மனிதர்களில்கூட நான் அதிகம் கண்டதில்லை.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்காக எம்பரின் கட்டளைக் கருவியான எம்பர்-சிஎல்ஐ எழுதித் தரும் ஃபைலில் எனக்குப் பிடித்த வரி ஒன்று: ‘ஃபெயில்-ஃபாஸ்ட்: ஃபால்ஸ்’. ஒரு வெர்ஷன் விழுந்தாலும் மற்றவற்றை நிறுத்தாதே என்று அர்த்தம். எது விழுந்தது என்பதோடு எதெல்லாம் விழவில்லை என்பதும் தெரிந்தால்தானே நோய் பிடிபடும்? பழைய எல்டிஎஸ் மட்டும் சிவந்தால், அங்கே இல்லாத புது வசதி எதையோ நாம் தொட்டிருக்கிறோம். கேனரி மட்டும் சிவந்தால் மழை வரப்போகிறது. எல்லாமே சிவந்தால் கண்ணாடியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்திலேயே இன்னொரு ஜாப், லாக் ஃபைலை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு இன்ஸ்டால் செய்கிறது. இன்று புதிதாக நம் பேக்கேஜை எடுப்பவருக்கு எது வந்து இறங்குமோ, அதன்மேல் டெஸ்ட் ஓடும்.

நிலக்கரிச் சுரங்கத்தில் விஷவாயுவை முன்கூட்டிக் காட்டிக்கொடுத்த குருவியின் பெயர் கேனரி. பிரிட்டனில் அதற்கு ஓய்வு கொடுக்கப்போவதாக 1986-இல்தான் அறிவித்தார்கள். டெஸ்ட்டுகளை ஓட்டித் தரும் டிராவிஸ் என்ற சேவையின் காலத்து எம்பர் ஃபைல்களில் கேனரிக்குத் தோற்க அனுமதி இருந்தது. அது விழுந்தாலும் மொத்த பில்ட் பச்சைதான். நான் அதையும் பொறுக்காமல், சிவப்பு கண்ணை உறுத்துகிறதென்று ஒருமுறை கேனரியைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டேன். சில வாரம் கழித்து அதே பிழை ரிலீஸாகவே வந்து வாசலில் நின்றது.

பச்சை பேட்ஜ் யாரும் ஒட்டிக்கொள்ளலாம். பட்டியலில் கேனரி இல்லாத ஆட்-ஆனை நான் இன்ஸ்டால் செய்வதில்லை.