முதல் கார் ஹீட்டர்: ஒரு திருத்தமும் கொஞ்சம் கோபமும்

மூணு வருஷத்துக்கு முன்னாடி மகளிர் தினத்தை ஒட்டி இங்கே ஒரு பட்டியல் போட்டிருந்தேன். பெண்கள் கண்டுபிடித்த பத்துப் பொருட்கள். நாலாவதாக சிகாகோவைச் சேர்ந்த மார்கரெட் வில்காக்ஸ். "1893-லேயே இன்ஜின் சூட்டைக் காருக்குள் திருப்பிவிட்டவர்" என்று பெருமையாக எழுதியிருந்தேன். போன மாதம் அண்ணன் மகள் பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டுக்காக அதைப் படித்துவிட்டு போன் பண்ணினாள். "சித்தப்பா, 1893-ல ஹீட்டர் வைக்கிற அளவுக்குக் கார் எங்க இருந்துச்சு?"

பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

காப்புரிமை உண்மைதான். எண் 509,415. நாள் 28 நவம்பர் 1893. தலைப்பு 'கார் ஹீட்டர்'. இந்த மூன்றையும் பார்த்த உடனே நாம் எல்லோரும் மோட்டார் காரைக் கற்பனை செய்துகொள்கிறோம். ஆனால் அமெரிக்காவில் துர்யே சகோதரர்கள் ஸ்பிரிங்ஃபீல்டு ஊரில் தங்கள் பெட்ரோல் வண்டியை முதன்முதலாக ஓட்டிப் பார்த்ததே அதே வருஷம் செப்டம்பரில்தான். குதிரை வண்டி ஒன்றை வாங்கி, அதில் ஒற்றை சிலிண்டர் இன்ஜின் பொருத்தியிருந்தார்கள். சுவர் கிடையாது, கண்ணாடி கிடையாது. சூடு பண்ண ஓர் 'உள்ளே' இருந்தால்தானே ஹீட்டர்?

அப்படியென்றால் 'கார்' என்பது என்ன? அன்றைய அமெரிக்கப் பேச்சில் அது தண்டவாளத்தில் ஓடும் பெட்டி. ரயில் பெட்டி, டிராம் பெட்டி. எங்க பாட்டி "வண்டி வந்துடுச்சா"ன்னு கேட்டா அது ரயில். அவங்க அம்மா கேட்டிருந்தா மாட்டுவண்டி. இன்னிக்கு நான் கேட்டா பைக். சொல் அப்படியே இருக்கும், பொருள் நகர்ந்துபோயிருக்கும். பழைய ஆவணத்தைப் படிக்கும்போது இதை மறந்தால் பாட்டியின் வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருப்போம்.

ரயில் பெட்டிக்கு ஹீட்டர் என்பது அந்தக் காலத்தில் உயிர்ப் பிரச்சினை. பெட்டிக்குள் நிலக்கரி அடுப்பு வைத்துத்தான் குளிர் காய்ந்தார்கள். 1876 டிசம்பரில் ஓஹியோ மாநிலம் ஆஷ்டபுலாவில் பாலம் இடிந்து ரயில் விழுந்தபோது, விழுந்ததில் பிழைத்தவர்கள் பலர் அடுப்பிலிருந்தும் விளக்கிலிருந்தும் பரவிய தீயில் செத்தார்கள். மொத்தம் தொண்ணூறு பேருக்கு மேல் பலி. பெட்டியைப் பாதுகாப்பாகச் சூடாக்குவது எப்படி என்று ஊரே யோசித்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் வைத்துத்தான் வில்காக்ஸின் காப்புரிமையைப் படிக்க வேண்டும். நாம் என்ன செய்தோம்? அவரை அவர் காலத்திலிருந்து பிடுங்கி, இன்னும் பிறக்காத ஒரு காருக்குள் உட்கார வைத்தோம். இதைப் பாராட்டு என்று சொல்ல எனக்கு இப்போது மனசு வரவில்லை. ஒரு பெண்ணைப் பெருமைப்படுத்த அவர் செய்யாததைச் சொல்ல வேண்டியிருந்தால், செய்ததைப் படிக்க நமக்குச் சோம்பல் என்றுதான் அர்த்தம்.

இன்னொரு உறுத்தலும் உண்டு. இந்தப் பட்டியல்கள் 'முதல்' என்ற சொல்லுக்கு அடிமை. காரின் வெப்பம், குளிர், காற்று மூன்றையும் எடுத்துக்கொண்டால் 'முதல்' எதையும் விளக்குவதில்லை.

ஏ.சி.யைப் பாருங்கள். தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்தித் தந்த முதல் கார் பேக்கார்டு, 1940 மாடல். எல்லாப் பட்டியலிலும் இருக்கும். அதன் லட்சணம் அதிகம் வெளியே வராது. விலை 274 டாலர், சாதாரண ஃபோர்டு கார் எழுநூறு டாலர் சுமாருக்குக் கிடைத்த காலத்தில். குளிர்விக்கும் பகுதி டிக்கியில் பாதியை விழுங்கிவிடும். காருக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடும். பெரிய வேடிக்கை, கம்ப்ரசருக்குக் கிளட்ச் கிடையாது. இன்ஜின் ஓடினால் அதுவும் ஓடும். வேண்டாம் என்றால் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். 1941-ஓடு பேக்கார்டே கைவிட்டது.

இதோடு ஒப்பிட்டால் நேஷ் கம்பெனி 1938 மாடலில் கொண்டுவந்த ஏற்பாடு கவர்ச்சி குறைந்தது, ஆனால் புத்திசாலித்தனமானது. அதற்கு முந்தைய ஹீட்டர்கள் பெரும்பாலும் உள்காற்றையே சூடாக்கின. மூச்சுக்காற்றின் ஈரம் வெளியேற வழியில்லாமல் கண்ணாடி பனி மூடும். இண்டு இடுக்கில் குளிர் நுழையும். நேஷ் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, வடிகட்டி, இன்ஜினின் சுடுநீர் ஓடும் குழாய்களுக்கு இடையே செலுத்தியது. உள்ளே அழுத்தம் சற்றே கூடியதால் இடுக்குகள் வழியே காற்று வெளியே போனது, குளிர் உள்ளே வரவில்லை. 1954-ல் அதே கம்பெனிதான் ஹீட்டர், ஏ.சி., காற்றோட்டம் மூன்றையும் ஒன்றாக்கி, எல்லாவற்றையும் வண்டியின் முன்பக்கத்திலேயே அடக்கியது. இன்று நாம் ஓட்டும் காரின் அமைப்பு அதன் வாரிசு, பேக்கார்டின் வாரிசு இல்லை.

என் கட்சியில் இன்னொருவரும் உண்டு: 1964-ன் ஃபோர்டு கார்ட்டினா. ஏரோஃப்ளோ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். டேஷ்போர்டின் இரு பக்கமும் திருப்பக்கூடிய உருண்டைத் துவாரங்கள். விஷயம் அதில் இல்லை. பின்பக்கத் தூணில் காற்று வெளியேறச் சிறிய திறப்புகள் வைத்தார்கள். வண்டி ஓடும்போது அந்த இடத்தில் காற்றழுத்தம் குறைவாக இருக்கும், அதனால் உள்காற்று தானாக உறிஞ்சப்படும்.

அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். அவ்வளவுதான்! ஒரு காலி பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஊதிப் பாருங்கள். ஒரு நொடிக்கு மேல் ஊத முடியாது. அடியில் ஓட்டை போட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் ஊதலாம். நுழைவதற்கு வழி செய்ய நிறைய பேர் மெனக்கெட்டார்கள். வெளியேறவும் ஒழுங்கான வழி வேண்டும் என்பதைச் சாதாரணக் குடும்பக் காரிலேயே செய்து காட்டியது கார்ட்டினா. இன்றைய கார்களில் இந்தத் திறப்பு பெரும்பாலும் பின்பம்பருக்குள் மறைந்திருக்கிறது. கண்ணில் படாததால் பட்டியலிலும் படவில்லை.

'பட்டியலில் தப்பு இருந்தா என்ன சார், ஆர்வம் வந்தா போதாதா' என்று சிலர் எழுதுவார்கள். ஒத்துக்கொள்கிறேன், எனக்கும் அப்படித்தான் ஆர்வம் வந்தது. ஆனால் பெயரை மட்டும் கற்றுக்கொண்டு, பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதை விட்டுவிட்டால் அதற்கு ஒரு விலை உண்டு.

உதாரணம், ஜன்னல் கண்ணாடியில் மாட்டும் சூரியசக்தி ஃபேன். நிறுத்திய காரைக் குளுகுளுவென்று வைக்கும் என்று விளம்பரம். கணக்குப் போடுங்கள். உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் தருகிறது. கண்ணாடிகள் வழியே காருக்குள் நுழைவது சில நூறு வாட். உள்ளங்கை அளவு பேனல் தருவது ஓரிரண்டு வாட். அதில் ஓடும் ஃபேன் எவ்வளவு காற்றைத் தள்ளிவிடும்? 2005-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஆய்வில், வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அந்த ஏற்றத்தில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே. ஜன்னலை லேசாகத் திறந்து வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. 'ஃபேன்தான் ஓடுதே, அஞ்சு நிமிஷம்தானே' என்று தூங்கும் குழந்தையை உள்ளே விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறவர் ஒருவர் இருந்தாலும், அந்த விளம்பரம் பொய் என்று சொல்ல வேண்டியது கடமை. தயவுசெய்து விட்டுட்டுப் போகாதீங்க, ஒரு நிமிஷம்கூட.

கார்ட்டினாவின் பாடம் நமக்கும் தினசரி உதவும். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஏ.சி.யைப் போட்டு, உள்காற்றைச் சுழற்றும் பொத்தானை அமுக்கிவிடுகிறோம். கொதிக்கும் காற்றையே குளிர்விக்கச் சொல்கிறோம். முதலில் ஜன்னல்களைத் திறந்து கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், சூடு வெளியேறட்டும். பிறகு மூடிவிட்டுச் சுழற்றுங்கள். நீண்ட பயணத்தில் நடுநடுவே வெளிக்காற்றும் வரட்டும்.

பழைய பதிவைத் திருத்திவிட்டேன். வில்காக்ஸின் பெயரை நீக்கவில்லை. அவர் காப்புரிமையைத் தண்டவாளத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அண்ணன் மகளிடம் சொன்னேன். "அப்ப மோட்டார் கார் ஹீட்டரை முதல்ல கண்டுபிடிச்சது யாரு?" என்றாள். நான் பாட்டில் கதையைச் சொன்னேன். ப்ராஜெக்ட்டில் இப்போது ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று இருக்கிறதாம்.